உப்புக் காற்றில் ஆவிக் கருவியும் நெபுலைசரும்: வாசகர் கேள்வி – பதில்

ஆவி பிடிக்கும் வேப்பரைசரையும், மருந்தை நுண்துளிப் புகையாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசரையும் பற்றி இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை வந்திருக்கும் கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பழுதுகளில் பாதிக்கு மேல் இரண்டே காரணங்களில் அடங்கிவிடுகின்றன. கருவிக்குள் ஊற்றும் தண்ணீர் ஒன்று, பயன்படுத்திய பிறகு அதைக் காயவிடாமல் மூடி வைப்பது இன்னொன்று. மருந்தின் அளவையும் எத்தனை வேளை என்பதையும் உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இங்கே கருவியைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

கேள்வி: ஆவி பிடிக்கிற பிளாஸ்டிக் வேப்பரைசர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. முதலில் நன்றாக இருந்தது. இப்போது போர் தண்ணீர் ஊற்றினால் கொதித்து வெளியே தெறிக்கிறது. போன வாரம் எம்.சி.பி.யே விழுந்துவிட்டது. மெஷின் போய்விட்டதா?
– வாசகி, தங்கச்சிமடம்

மெஷின் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு உலோகத் தகடுகள் நின்றால் அது எலக்ட்ரோடு வகை. அடியில் வட்டத் தகடோ காயிலோ இருந்தால் ஹீட்டர் வகை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்களுடையது எலக்ட்ரோடு வகையாகத்தான் இருக்கும்.

இந்த வகையில் சூடாக்கும் கம்பி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குத் தண்ணீர் வழியாகவே மின்சாரம் பாய்கிறது, அதனால் தண்ணீர் தானே சூடாகிறது. தண்ணீரில் உப்பு ஏற ஏற மின்னோட்டமும் ஏறும். "ஆவி குறைவாக வந்தால் ஒரு சிட்டிகை உப்பு சேர்க்கவும்" என்று பெட்டியில் எழுதியிருப்பது சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீர் வரும் ஊர்களுக்குப் பொருந்தும். நம் கரையில் பல வீடுகளின் போர் தண்ணீரில் அந்தச் சிட்டிகை ஏற்கெனவே இருக்கிறது, பல சமயம் ஒரு கரண்டியாகவே இருக்கிறது. மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது தண்ணீர் பொங்கித் தெறிக்கும், ஒயர் சுடும், கடைசியில் எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், விழும். அது விழுந்ததே நல்லது.

முதலில் நன்றாக இருந்து பிறகு கெட்டதற்கும் காரணம் உண்டு. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அடியிலேயே தங்கிவிடும். மீதித் தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே மறுநாள் ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஆறிய பிறகு முழுக்கக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கவிழ்த்து வையுங்கள்.

இனி ஊற்றும் முறை. கேன் தண்ணீர் அல்லது காவிரிக் குடிநீரைக் கோடு வரை ஊற்றி, மூடியை மூடி, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். 5 முதல் 7 நிமிடத்துக்குள் சீராக ஆவி வந்தால் சரி. வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 2 தேக்கரண்டி போர் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எந்தக் கலவை ஒத்துவருகிறது என்று இரண்டு மூன்று தடவையில் பிடிபட்டுவிடும். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள்.

தகட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பது இரண்டு வகை. வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறியதும் கரைந்துவிட்டால் அது உப்பு. கரையாமல் நின்று, வினிகர் பட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். பிளக் போடாமல் ஊற வைக்க வேண்டும், ஊறிய பின் மூன்று முறை அலச வேண்டும். கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டினால் தகட்டின் மேற்பூச்சு போய், அந்த இடத்திலேயே அரிப்பு தொடங்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. எலக்ட்ரோடு வகையில் பிளக் போட்டிருக்கும் வரை அந்தத் தண்ணீரில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே ஊற்றுவது இரண்டும் உயிரை எடுக்கும். வீட்டில் மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதை முதலில் பொருத்துங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மனித உடல் வழியாகப் பாயும் சிறிய மின்னோட்டத்துக்கு எம்.சி.பி. விழாது.

கேள்வி: எங்களுக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை. ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரமானாலும் ஆவியே வருவதில்லை.
– வாசகர், இராமேஸ்வரம்

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, எலக்ட்ரோடுக்கு அது போதாது. ஒரு சிட்டிகை தூள் உப்பை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து, அதில் பாதியை மட்டும் பிளக் போடும் முன் ஊற்றிக் கலக்குங்கள். கல்லுப்பை அப்படியே போட்டால் அடியில் தேங்கி, கரையும்போது திடீரென்று பொங்கும். ஹீட்டர் வகையாக இருந்தால் உப்பே தேவையில்லை. அதில் ஆவி வரவில்லையென்றால் உள்ளே தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். தண்ணீர் வற்றிய பிறகும் ஓடவிட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: அப்பத்தா நொச்சி இலையையும் துளசியையும் கிள்ளி வேப்பரைசருக்குள்ளேயே போடச் சொல்கிறார். கொஞ்சம் யூகலிப்டஸ் தைலமும் விடுகிறோம். மூடியில் விரிசல் விட்டிருக்கிறது. இலையால் வந்ததா?
– வாசகி, திருப்புல்லாணி

விரிசல் தைலத்தால் வந்தது. யூகலிப்டஸ், மெந்தால், கற்பூரம் கலந்த எண்ணெய்கள் இந்த மூடிகள் செய்யும் பிளாஸ்டிக் வகைகள் பலவற்றுக்குள் மெல்ல ஊடுருவும். எங்கே இழுவிசை இருக்கிறதோ, அதாவது ஸ்க்ரூ துளையிலும் மூடியின் கொக்கியிலும், அங்கே மயிரிழை போல விரிசல் தொடங்கும். சூடு சேர்ந்தால் வேகமாகப் பரவும். விரிசல் விட்ட மூடி கொதிக்கும்போது கழன்று வந்தால் மடியில்தான் விழும். அந்த மூடியை இன்றே தூக்கிப் போடுங்கள், பசை வைத்து ஒட்ட வேண்டாம்.

இலையும் கெடுதல் செய்கிறது, வேறு விதமாக. துணுக்குகள் இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கும். சாறு நுரைத்துப் பொங்கும். ஹீட்டர் வகையில் தகட்டில் ஒட்டிக் கருகி, அந்த வாடை பிறகு போகவே போகாது.

அப்பத்தாவின் நொச்சிக்கு அடுப்பும் பாத்திரமும்தான் சரி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, 2 நிமிடம் பொறுங்கள். பிறகு ஆடாத மேசை மேல் வைத்து, முகத்தை ஒரு முழம் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். கருவியிலேயே மணம் வேண்டுமென்றால், மூடி மேல் மருந்துக்கென்று தனிக் குழி உள்ள மாடலாக வாங்குங்கள். தண்ணீரில் இலையையோ தைலத்தையோ கலக்காதீர்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு விஷயம். கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது ஆவி பிடிக்கும் வீடுகளில் நடக்கிற விபத்து, ஆகவே சிறு பிள்ளைகளுக்கு ஆவியே வேண்டாம். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தைலத்தின் காட்டமே இழுப்பைக் கிளப்பிவிடலாம்.

கேள்வி: கம்ப்ரசர் நெபுலைசர் வாங்கி இரண்டு வருடம். முன்பு 8 நிமிடத்தில் முடிந்த மருந்து இப்போது 20 நிமிடம் ஆகிறது. சத்தம் மட்டும் பழையபடி வருகிறது. பக்கத்தில் கரிமூட்டம் போடுகிறார்கள், உப்பளமும் அருகில்தான்.
– வாசகர், வாலிநோக்கம்

சத்தம் வந்தால் மோட்டார் ஓடுகிறது என்று மட்டும்தான் பொருள். காற்று எங்கே குறைகிறது என்று வரிசையாகத் தேட வேண்டும்.

முதலில் ஃபில்டர். கருவியின் பக்கவாட்டிலோ மேலேயோ காசு அளவு சின்ன மூடி இருக்கும், அதற்குள் வெள்ளை ஸ்பாஞ்சோ ஃபெல்ட்டோ இருக்கும். பல குறிப்பேடுகளில் 60 நாளுக்கு ஒன்று மாற்றச் சொல்லியிருப்பார்கள். சீமைக் கருவேல மூட்டப் புகை வரும் இடத்தில் அதுவரை தாங்காது, சாம்பல் நிறம் வந்ததுமே மாற்றிவிடுங்கள். கழுவிப் போடலாம் என்று குறிப்பேட்டில் இல்லையென்றால் கழுவ வேண்டாம். ஃபில்டர் கிடைக்கவில்லை என்று பஞ்சையோ துணியையோ திணிக்கிறார்கள். அதன் நார் பிஸ்டனுக்குள் போய் வால்வில் உட்காரும். அதன் பிறகு ஃபில்டர் விலையில் முடிய வேண்டியது கம்ப்ரசர் விலைக்கு வந்துவிடும்.

அடுத்து கம்ப்ரசர். குழாயைக் கருவியிலிருந்து கழற்றி, காற்று வரும் துவாரத்தைக் கட்டைவிரலால் 2 நொடி அடைத்துப் பாருங்கள். விரலைத் தள்ளும் அழுத்தம் இருந்து, மோட்டாரின் சத்தமும் மாறினால் கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது. மெல்லத்தான் தள்ளுகிறது என்றால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது வால்வு ஒட்டியிருக்கும். இரண்டும் மாற்றக் கூடிய பாகங்கள். ஆனால் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். இது எண்ணெய் இல்லாமல் ஓடுவதற்காகவே செய்தது. விடும் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும்.

மூன்றாவது குழாய். இரு முனைகளும் நாளடைவில் தளர்ந்து காற்று கசியும். முனையில் மட்டும் தளர்ச்சி என்றால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். மஞ்சளாகி விறைத்துப் போயிருந்தால் புதிதாக மாற்றுங்கள்.

நான்காவது மருந்துக் கப். உங்கள் விஷயத்தில் இதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. கப்பைத் திருகித் திறந்தால் நடுவில் ஊசித்துளை உள்ள கூம்பும், அதன் மேல் கவிழும் சின்னத் தொப்பி போன்ற பாகமும் இருக்கும். அந்தத் தொப்பி கழுவும்போது தண்ணீரோடு போய்விட்டால் மருந்து புகையாக மாறாமல் குமிழியாக மட்டும் கொதிக்கும். தொப்பி இருந்தும் புகை மெலிந்தால் துளையில் மருந்தும் உப்பும் காய்ந்து அடைத்திருக்கும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கருவியோடு இணைத்துக் காற்றை அடித்து வெளியேற்றுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் துளிகள் பெருத்துவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துளிகள்தான். பெருத்த துளி தொண்டையிலேயே படிந்து நின்றுவிடும். புகை நிறைய வருகிறதே என்று மனம் ஆறும், இழுப்போ அடங்காது.

இனிமேல் இந்தச் சந்தேகமே வராமலிருக்க ஒரு வழி. புதுக் கப் போட்ட அன்று 3 மில்லி நார்மல் சலைன் (0.9 சதவீத உப்புநீர்) விட்டு எத்தனை நிமிடத்தில் தெறிக்கத் தொடங்குகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அதே சோதனையைச் செய்யுங்கள். நேரம் ஒன்றரை மடங்கானால் ஃபில்டரையும் கப்பையும் கவனியுங்கள். கடைசியில் கப்பில் 1 மில்லி போல மிஞ்சுவது இயல்புதான், அதற்காகத் தட்டித் தட்டி நேரத்தை இழுக்க வேண்டாம்.

கருவியை ஜன்னலோரத் தரையில் வைத்து ஓட்டாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் அந்த உயரத்தில்தான் வரும். மெத்தை மேலும் வேண்டாம், அடியில் உள்ள காற்றுத் துளை அடைத்து மோட்டார் சூடேறும். வீட்டு மாடல்கள் பலவும் 20 நிமிடம் ஓடினால் 40 நிமிடம் ஓய்வு கேட்பவை. உங்களுடையதற்கு எவ்வளவு என்று அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பாருங்கள்.

கேள்வி: 4 வயது மகனுக்கு நெபுலைசர் வைக்கிறோம். கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசி வைத்தால் போதுமா? குழாயின் உள்ளே நீர்த்துளி நிற்கிறது, அதையும் கழுவலாமா?
– வாசகி, ஏர்வாடி

அலசினால் மட்டும் போதாது. மீந்த மருந்தும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கிருமி வளரும். மறுவேளை அதைத்தான் புகையாக்கிக் குழந்தையின் நெஞ்சுக்குள் அனுப்புவோம்.

ஒவ்வொரு வேளைக்கும் பிறகு கப்பைப் பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட வெந்நீரில் எல்லாப் பாகங்களையும் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, உதறி, சுத்தமான துணி மேல் காயவிடுங்கள். துடைக்க வேண்டாம், துணி நார் துளைக்குள் போகும். தினமும் பயன்படுத்தும் நாட்களில் நாளுக்கு ஒரு முறை கிருமிநீக்கம் வேண்டும். கொதிக்க வைக்கலாம் என்று குறிப்பிட்ட கப் என்றால், பாத்திரத்தின் அடியில் ஒரு துணி விரித்து, பாகங்கள் மூழ்கும் அளவு தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். இதற்குக் கேன் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் ஊசித்துளையில் உப்புப் படியும். மாஸ்க்கையும் குழாயையும் கொதிக்க வைத்தால் நெளிந்துவிடும். மாஸ்க்குக்குச் சோப்பு நீர் போதும்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் எதுவும் காயாது. கப்பைக் கழற்றிய குழாயைக் கருவியில் செருகி, அதன் காற்றைக் கொண்டே ஒவ்வொரு பாகத்தையும் உலர்த்துங்கள். குழாயில் நிற்கும் துளிக்கும் அதே வைத்தியம்தான், 3 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், அழுத்தும்போது அது நீராகப் பிரிகிறது. குழாயின் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. உள்ளே கருப்புப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை, குழாயை மாற்றிவிடுங்கள்.

மருந்தோடு கலக்கக் கடையில் விற்கும் 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் மட்டுமே. வீட்டு உப்பில் கரைத்தது வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். வெறும் தண்ணீரே மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து வைத்த பிறகு பையனின் முகத்தைத் துடைத்து வாய் கொப்பளிக்க வையுங்கள். மருந்து வைத்தும் விலா உள்ளிழுத்து மூச்சு வாங்கினால் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: வாப்பாவுக்காக மாமா சவூதியிலிருந்து, அவர் வைத்திருந்த நெபுலைசரைக் கொடுத்துவிட்டார். இங்கே போட்டால் ரொம்பச் சூடாகிறது. புகையும் குறைவு.
– வாசகர், கீழக்கரை

லேபிளில் "60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. வோல்டேஜ் ஒத்துப்போனாலும் அந்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், மின்னோட்டம் கூடிச் சூடேறும், காற்றும் குறையும். இதற்கு அடாப்டரோ ஸ்டெபிலைசரோ உதவாது. "50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் பயமில்லை. துபாயிலும் மலேசியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தான், அங்கிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் கிடையாது. அமெரிக்காவின் 120 வோல்ட் கருவியை நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகும்.

பிறர் பயன்படுத்திய கருவி எதுவானாலும் கப், குழாய், மாஸ்க், ஃபில்டர் நான்கையும் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் வாப்பாவிடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: விசைப்படகில் போகிறேன். கையடக்க மெஷ் நெபுலைசர் வைத்திருக்கிறேன். சார்ஜ் போடும் துளையில் பச்சை பிடித்திருக்கிறது. சில நாள் புகையே வருவதில்லை. படகுக்கு இது ஒத்துவருமா?
– வாசகர், பாம்பன்

ஒத்துவரும், பராமரிப்பு மட்டும் கூடுதலாக வேண்டும். பச்சைக்குக் காரணம் ஈரத்தோடு சார்ஜ் போட்டது. உப்பு ஈரம் படிந்த முனைகளில் மின்சாரம் பாயும்போது செம்பு கரைந்து பச்சையாகப் படியும். கரைக்கு வந்ததும், கருவியை அணைத்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் துளையைத் துடைத்து, ஒரு மணி நேரம் உலரவிட்டுச் சார்ஜ் போடுங்கள். கடலில் இருக்கும்போது ரப்பர் மூடி மூடியே இருக்கட்டும்.

புகை வராததற்கு மெஷ் தகடு காரணம். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள், அது நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து மருந்தைத் துளிகளாக்குகிறது. சலைன் அதிலேயே காய்ந்தால் உப்புப் படிகமாக அடைக்கும். மருந்து முடிந்ததும் மீதியைக் கொட்டி, 2 முதல் 3 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். மருந்துக் கடையில் ஊசிமருந்து கலக்க விற்கும் 5 மில்லி, 10 மில்லி ஆம்பூல்தான் அது, படகில் வைத்துக்கொள்ளவும் வசதி. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம், அது மூச்சுக்குள் போகும் தரத்தில் இருக்காது. தகட்டை விரலாலோ காட்டன் பட்ஸாலோ தொடாதீர்கள். தொட்டுக் கிழிந்தால் தலைப்பகுதியையே மாற்ற வேண்டும். எண்ணெய், தைலம் ஒரு சொட்டும் ஆகாது.

பிறகு பெட்டி. ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவில் 2 சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆனால் ஈரமாக உள்ளே வைத்து மூடினால் வெளியே வைப்பதைவிட மோசம். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறினால் புதிது போடுங்கள். டப்பா கேபின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயிலில் இருக்க வேண்டாம். லித்தியம் பேட்டரி சூட்டில்தான் சீக்கிரம் சாகும், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடவும் கூடாது. மீன்பிடித் தடைக்காலத்தில் முழுச் சார்ஜில் வைக்காமல் பாதியளவில் வைத்து, மாதம் ஒரு முறை ஏற்றுங்கள். ஏஏ செல் போடும் மாடலானால் அந்த நாட்களில் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்து முனைகளைத் தின்றுவிடும். பவர் பேங்க் இடையில் அணைந்துபோனால் கருவியின் பழுது என்று நினைக்காதீர்கள். மின்னோட்டம் மிகக் குறைவாக இழுக்கும் பொருளுக்குச் சில பவர் பேங்குகள் தானே நின்றுவிடும்.

இதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு, இழுப்பை உடனே அடக்கும் பம்பும் (இன்ஹேலர்) அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் அதே டப்பாவில் இருக்கட்டும். அதற்குப் பேட்டரி தேவையில்லை.

கேள்வி: ஒரு நெபுலைசர் எத்தனை வருடம் வரும்? ரிப்பேர் பார்ப்பதா, புதிது வாங்குவதா?
– வாசகர், தொண்டி

கம்ப்ரசருக்கு 5 வருடம், கப்புக்கு ஒரு வருடம் என்று பல தயாரிப்பாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். நாளைக்கு 3 வேளை, வேளைக்கு 10 நிமிடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 180 மணி நேரம் ஓடுகிறது. எப்போதாவது சளிக்கு மட்டும் எடுப்பவர் வீட்டில் அதே கருவி இன்னும் நீண்ட காலம் வரும். ஆனால் ஓடாமல் கிடப்பதும் கடலோரத்தில் துருவுக்கு வழி, மாதம் 5 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

வாஷர், வால்வு, ஸ்விட்ச், ஒயர் என்றால் ரிப்பேர் பாருங்கள். மோட்டார் காயில் கருகிய வாடை வந்தாலோ, பிஸ்டன் அறையின் உட்சுவரில் துரு ஏறியிருந்தாலோ புதிது வாங்குங்கள். வாங்கும்போது அந்த மாடலுக்கான ஃபில்டர் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் 6 ஃபில்டரும் ஒரு உபரி கப்பும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள், ஒரு வருடத்தில் அந்த பில்லின் எழுத்து மறைந்துவிடும்.